கேரட் பையில் போன கடிதங்கள்

மலைமேல் இத்தலாரில் கேரட் கழுவும் வேலைக்கு வந்த பிறகுதான் வீட்டுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். கையில் போன் இருந்தது. ஆனால் போனில் பேசினால் எனக்கும் மனைவிக்கும் உடனே சண்டை வந்துவிடும். நான் ஏன் ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை என்பதுதான் எப்போதும் சண்டை. காகிதத்தில் அவள் குறுக்கே பேச முடியாது.

மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு கொண்டுபோகும் லாரி டிரைவருக்கும் எங்களைப் போலக் காரமடைதான் சொந்த ஊர். ஒரு பையில் கொஞ்சம் காய் போட்டு, மேலே கடிதத்தை மடித்து வைத்து அவரிடம் கொடுத்துவிடுவேன்.

எட்டாவதோடு நின்றவன் நான். இருந்தாலும் எழுத்து சுமாராக வரும். தகரக் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுக்கிறோம், பனிக்காலத்தில் தண்ணீரில் கை வைத்தால் நகக்கண் வெடித்து ரத்தம் கசிகிறது என்றெல்லாம் வீட்டுக்கு யார் எழுதுவார்கள்? காட்டெருமை வந்து முட்டைக்கோஸ் தோட்டத்தில் நின்றது, சோலூர் திருவிழாவுக்குப் போனோம், நெருப்பு மூட்டி உருளைக்கிழங்கு சுட்டுத் தின்றோம் என்று எழுதினேன். அவையும் நடந்தவைதான்.

என் மகன் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் மத்தியானம் காலி லாரியிலிருந்து துணிப்பையோடு இறங்கினான்.

"ஏண்டா, லீவா?"

"நின்னுட்டனுங்கப்பா. இங்கயே வேலை பாத்துக்கறேன்."

டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான் வேண்டாம்னுதானுங்கண்ணா சொன்னேன். உங்க லெட்டரையெல்லாம் மனப்பாடமா ஒப்பிக்கறான். மில்லுக்குப் போயி மாட்டிக்கறதுக்கு அங்க ராசாவாட்ட இருக்கலாமுங்கறான்."

பனி இறங்கியதும் அவன் விரல்களும் வெடித்தன. மாதக் கடைசிக்குள் வந்தால் சேர்த்துக்கொள்வதாகக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். போகச் சொன்னேன்.

"நீங்க இருக்கறீங்கல்லங்கப்பா," என்றான்.

அவன் அம்மா நேரில் வந்து கூப்பிட்டால் போவான். அதனால் அவளுக்கு உள்ளதை எழுதினேன். கை வெடித்திருக்கிறது, இருமிக்கொண்டே இருக்கிறான், இங்கே இருந்தால் என்னைப் போலத்தான் ஆவான், வந்து கூட்டிக்கொண்டு போ என்று எழுதினேன். அந்த முறை பையில் காய் வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள்.

"லெட்டர் படிச்சனுங்க."

"எப்ப வர்ற?"

"எதுக்குங்க வரோணும்? நேத்துத்தான் பையன் பேசுனான். சொகமா இருக்கறானாமா. கெழங்கு சுட்டுத் தின்னாங்களாமா."

"அவன் பொய் சொல்றான்."

"அப்ப இத்தன மாசமா நீங்க எழுதுனதுங்க?"

அவளே தொடர்ந்தாள்.

"நேத்து வரைக்கும் நல்லாருந்த ஊரு, பையன் வந்ததும் கெட்டுப்போச்சுங்களா? அவன் கூட இருந்தா நீங்க நெனச்சாப்ல அடுத்த ஊருக்குக் கெளம்ப முடியாது. அதுக்குத்தான அவனத் தொரத்தறீங்க? இத்தன நாளும் நான் ஒருத்தியா வச்சுப் பாத்தனுங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க பாருங்க."

சத்தம் போடாமல் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அதற்குள் வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. டிரைவரிடம் அவளுக்கு வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பினேன். "நீங்க சொல்லிக் குடுத்துத்தான் நான் பேசறேங்கறாங்கண்ணா," என்று வந்து சொன்னார்.

கல்லூரியில் சொன்ன கெடு முடிந்த அன்று காலையில் மகன் எனக்கு முன்பாகவே கேரட் கழுவும் தொட்டியருகே நின்றான். விரல்களில் துணி சுற்றியிருந்தான். துணியோடு தேய்த்தால் காயில் நூல் ஒட்டும் என்று மேஸ்திரி அதட்டினார். அவன் துணியை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டான்.