வால்வுக்கு வைத்த சந்தனப் பொட்டு

ராசிபுரத்தில் எங்கள் அப்பா பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். எடைக்கு வாங்கி, உடைத்து, இரும்பு தனி, காப்பர் தனி என்று பிரித்து அனுப்புவது தொழில். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எலெக்ட்ரானிக்ஸில் பொறியியல் பட்டமும் வாங்கிவிட்டேன். இதை அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன் என்று வீட்டில் குறைப்படுகிறார்கள். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

போன வருஷம் ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது அப்பா ஒரு லோடு சாமான் ஏற்றி வந்தார். அதில் மர அலமாரி மாதிரி ஒரு டிவி இருந்தது. எந்தக் காலத்திலோ ஓர் எஸ்டேட் துரை கப்பலில் கொண்டுவந்தது. அப்போது இந்தப் பக்கம் டிவி ஒளிபரப்பே கிடையாது. பார்க்க ஒன்றுமில்லாத மலைக்கு டிவியைச் சுமந்து வந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். ரேடியோவாவது கேட்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, கூடவே ஒரு தகரப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிது. முன்னால் ஒரு திருகு, உள்ளே பல்பு மாதிரி மூன்று கண்ணாடி வால்வுகள், பின்னால் ஒரு வயர். அந்த வயரை டிவியின் முதுகில் சொருகினால் டிவியில் எஃப்எம் கேட்கும். படம் வராது, ஸ்பீக்கர் மட்டும் பாடும்.

அப்பா பெட்டியைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"உள்ள காப்பர் இருக்கும் போல. அந்தச் சுத்தியல எடு சாமி," என்றார் என்னிடம்.

"உடைக்காதீங்கப்பா. இது பாடும்."

"இதா? வாயவே காணோம்."

"நான் பாட வெக்கிறேனுங்க."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சித்தப்பா ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுகிறவர். பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவருக்கு மேலே இருப்பதெல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு.

"ஊட்ல மிக்சி ஓடி ரெண்டு மாசம் ஆச்சுங்கண்ணா. அத ஓட்ட முடியல, வெள்ளக்காரன் டப்பாவ ஓட்டறாளாமா."

மிக்சியில் தேய்ந்தது பிளாஸ்டிக் பல், அது என் பாடமே இல்லை என்று விளக்கினேன். சித்தப்பா டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார்.

"ஆயுத பூசை வரைக்கும் உடறேன்," என்றார் அப்பா. "பாடுச்சுன்னா பெட்டி உன்னுது. பாடலீன்னா சுத்தியல்தான்."

பெட்டியோடு, படித்த பிள்ளை என்ற என் பெயரும் அந்தச் சுத்தியலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

டிவியில் படக்குழாய் செத்திருந்தாலும் ஸ்பீக்கருக்கு உயிர் இருந்தது. பெட்டியில் உப்பிப்போயிருந்த கெப்பாசிட்டர்களை மாற்றினேன். முதலில் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்ட மாதிரி ஒரு இரைச்சல். அதற்குமேல் பல நாள் ஒன்றுமில்லை. ஆயுத பூஜை அன்று காலையில்தான் எந்த இணைப்பு விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துப் பற்றவைத்தேன்.

அம்மா அதற்குள் தராசு, சுத்தியல், லாரி, காந்தம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தாள். என் லேப்டாப்புக்குச் சரியாகக் கேமராவின் மேலேயே வைத்திருந்தாள்.

"பூசையன்னிக்கு மிசினுக்கு ரெஸ்ட்டு. நிறுத்து," என்றாள்.

"அஞ்சு நிமிசம்மா. எல்லாரும் பாக்கட்டும்."

வால்வுகள் சிவந்து எரிவதைக் காட்டுவதற்காக மூடியைத் திறந்தே வைத்தேன். அப்பா, சித்தப்பா, லோடு ஏற்றும் ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். திருகைத் திருப்பினேன். இரைச்சல், இரைச்சல், பிறகு கணீரென்று ஒரு ஆண் குரல்: கடலை எண்ணெய் விளம்பரம்.

"பாடுதுங்களா?" என்றேன்.

"எங்க பாடுது? எண்ண விக்குது," என்றார் சித்தப்பா.

பாட்டு வரட்டும் என்று காத்திருந்தோம். அந்த நேரத்தில் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தாள். எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு இதற்கு மட்டும் வைக்காவிட்டால் எப்படி? கொதிக்கிற வால்வு ஒன்றின் நெற்றியில் ஈரச் சந்தனத்தை ஒரே அழுத்தாக அழுத்தினாள்.

டிக்.

குரல் நின்றது. வால்வுக்குள் உச்சியில் வெள்ளி பூசினாற்போல ஒரு பளபளப்பு இருக்கும். எங்கள் எல்லோர் கண்முன்னாலும் அது மெல்ல மெல்லப் பால்வெள்ளையாக மாறியது.

"அய்யோ சாமி," என்றாள் அம்மா, "உள்ளயே திருநீறு பூசிக்கிச்சு பாருங்க."

லோடு ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்பா செருப்பைக் கழற்றினார். சித்தப்பாகூட டீ டம்ளரைக் கீழே வைத்தார். இனி அந்தப் பெட்டிமேல் சுத்தியல் படாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் நாலு வருஷம் படித்தவள்.

"திருநீறெல்லாம் இல்லீங்க. சூட்டுல ஈரம் பட்டுக் கண்ணாடி விரிசல் விட்டுருச்சு. உள்ள காத்து பூந்ததும் அந்தப் பூச்சு வெளுத்துருச்சு. அவ்வளவுதான்."

அப்பா யோசித்துப் பார்த்தார். "ஆமா சாமி," என்றார். "சாமி காத்தாத்தான வரும்."

பெங்களூரில் பழைய ரேடியோ சாமான் விற்கிறவர் ஒருவரைப் பிடித்து அதே மாதிரி வால்வு வரவழைத்தேன். திருநீறு பூசியதைக் கழற்றக் கூடாது என்று அம்மா பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். வெள்ளை வால்வைப் பூஜை அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்த பிறகே நகர்ந்தாள். புது வால்வைப் போட்டதும் பெட்டி பாடியது, இந்த முறை நிஜமாகவே பாட்டு. சித்தப்பா கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, பூஜை அலமாரி இருக்கும் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இப்போது கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா அந்தக் கதையைச் சொல்கிறார். அவர் முடிக்கும்வரை காத்திருந்து, பெட்டியின் மூடியைத் திறந்து, நான் மாற்றிய வால்வைக் காட்டி, காற்று, கண்ணாடி, சூடு என்று விளக்குகிறேன். பொறுமையாகக் கேட்கிறார்கள். கேட்டு முடித்ததும் பாதிப் பேர் புது வால்வையும் கும்பிடுகிறார்கள்.