ரஞ்சனி வரைந்த கோரைப்பல்

ரஞ்சனிக்கு வாய் அடங்கினாலும் கை அடங்காது. நீலகிரியில் எமரால்டு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் தூளைச் சலித்துத் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. சூப்பர்வைசர் முதுகைத் திருப்பினால் போதும், தரையில் படிந்த தூளில் விரலாலேயே அவர் தொப்பையை வரைந்துவிடுவாள். கூட வேலை செய்த பாலாமணி காது வைப்பாள், மரகதம் மீசை வைப்பாள். மணி அடிப்பதற்குள் கூட்டிப் பெருக்கிவிடுவார்கள்.

தேயிலை விலை பாதாளத்துக்குப் போன வருஷம், ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடினாலே பெரிய விஷயம் என்றானது. மரகதம் கோயமுத்தூர் மில்லுக்குப் போனாள். பாலாமணி புருஷனோடு திருப்பூரில் மாமியார் வீட்டுக்கே குடிபோய், பனியன் கம்பெனியில் சேர்ந்தாள். சிறுமியாகச் சிலோனிலிருந்து வந்திறங்கிய ரஞ்சனிக்கு மட்டும் இன்னொரு தடவை மூட்டை கட்ட மனசில்லை. வேலையில்லாத நாட்களில் தோட்டத்துக் கேரட்டைக் கூலிக்குக் கழுவப் போனாள்.

பிரிகிறபோது மூவரும் சேர்ந்து ஒரு பெரிய நோட்டு வாங்கினார்கள். ஒருத்தி பாதிப் படம் வரைந்து அனுப்புவாள். அடுத்தவள் அதை முடித்து, தன் பங்குக்கு ஒரு பாதியைத் தொடங்கி அனுப்புவாள். தபால்காரர் லிங்கசாமிதான் வழி சொன்னார்.

“புக் போஸ்ட்ல போடுங்க, செலவு கம்மி. ஆனா உறையை ஒட்டக்கூடாது, உள்ள ஒரு வரி கடுதாசி இருக்கக்கூடாதுங்க.”

எழுதத்தானே கூடாது, வரையலாமே! ரஞ்சனி கலர்கூட வாங்கவில்லை. விலை போகாத தூளைக் கொதிக்கவிட்டு, சுண்டச் சுண்ட ஒவ்வொரு நிறமாக எடுத்துக்கொண்டாள். ஏலத்தில் சீந்துவாரில்லாத தூளுக்கு அந்த நோட்டில் ராஜமரியாதை.

ஆடி மாதம் மரகதம் திருப்பூர் வீட்டு வாசலை வரைந்து, அதில் முகமில்லாத ஒரு பெண்ணை நிறுத்தி அனுப்பியிருந்தாள். பாலாமணியின் மாமியார் காளியம்மாள்தான், வேறு யார்? அந்த அம்மாளை ரஞ்சனி பார்த்ததே இல்லை. அதனாலென்ன, கிழிந்த சேலையைக் கட்டிவிட்டு, கையில் விளக்குமாற்றைக் கொடுத்து, வாயில் இரண்டு கோரைப்பல்லையும் வைத்து, பாலாமணி பெயருக்குத் தபாலில் சேர்த்தாள். ஒட்டாத உறைக்குள் எட்டிப் பார்த்துவிட்ட லிங்கசாமி மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தார்.

“படம் பிரமாதமுங்க. ஆனா ஒண்ணு, பாலாமணி பகலெல்லாம் கம்பெனியில இருப்பாளே, ஊட்ல நோட்டை வாங்கறது யாருங்க?”

மாமியார்தான் என்று ரஞ்சனிக்கு அப்போதுதான் உறைத்தது. “ஐயோ, நோட்டத் திருப்பி எடுக்க ஏலாதா?”

“பை நேத்தே போயிருச்சுங்க.”

ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. நோட்டு வரவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு கார்டு போடலாம்தான், அதுவும் அந்த அம்மாள் கையில்தானே விழும்? ஒரு கிறுக்குப் படத்துக்காகப் பாலாமணியின் குடித்தனத்தில் மண்ணைப் போட்டோமே என்று ரஞ்சனி தன்னையே திட்டிக்கொண்டாள். கேரட் கழுவும்போது கண்ணில் தண்ணீர் முட்டியது.

ஐப்பசியில் நோட்டு வந்தது, மரகதத்துக்குப் போகாமல் நேராக எமரால்டுக்கே. கூடவே தனியாகப் பாலாமணியின் கார்டு.

“அக்கா, நோட்டை அத்தைதான் வாங்குனாங்க. நீங்க வெச்ச பல்லுக்குக்கூடக் கோவமில்லீங்க, கிழிஞ்ச சேலை கட்டி விட்டதுக்குத்தான் மூணு நாள் யாரோடயும் பேசலை. அப்புறம் நோட்டைப் புடிச்சவங்க குடுக்கவே மாட்டேன்னுட்டாங்க. நாலாவது ஆளா அவங்களையும் சேர்த்துக்கோணுமாம்.”

ரஞ்சனி பதறிப் பதறிப் பக்கத்தைப் புரட்டினாள். கிழிந்த சேலையின் மேல் சிவப்புப் பனியன் துணியை வெட்டி ஒட்டி, பளபளவென்று புதுச்சேலை கட்டியிருந்தாள் காளியம்மாள். கோரைப்பல்லைப் பிளேடால் சுரண்டியதில் தாளில் இரண்டு ஓட்டை. விளக்குமாற்றை மட்டும் தொடவில்லை. அடுத்த பக்கத்தில் அதே சிவப்புச் சேலைக்காரி சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு காலி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பாதி வெறுமையாக இருந்தது.

ரஞ்சனி அன்று கழிவுத்தூளைத் தொடவில்லை. விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த நல்ல தூளில் தேத்தண்ணி போட்டு, அதைத் தொட்டு டம்ளரை விளிம்புவரை நிரப்பினாள். எதிரே, கெட்டிலைச் சாய்த்து ஊற்றுகிற மாதிரி தன்னையே வரைந்தாள். வரைந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த இரண்டு கோரைப்பல்லையும் எடுத்துத் தன் வாயிலேயே வைத்துக்கொண்டாள்.