கயிற்றை அழித்தவரின் பெயர்

கள்ளிக்குப்பத்தில் நான் தங்கியிருந்த மூன்றாவது மாடியில் ஆறு அறைகள். ஒருவனைத் தவிர எல்லோரும் வேலைக்காக வெளியூரிலிருந்து வந்த ஆண்கள். என் பெயர் பலருக்குத் தெரியாது. ‘படம் தம்பி’ என்றால் தெரியும். வெள்ளிக்கிழமை வெளியான படம் மறுநாளே என் லேப்டாப்பில் இறங்கிவிடும். ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் எல்லோரும் என் அறைக்கு வருவார்கள். மற்ற நாட்களில் தொழிற்பேட்டைக் கம்பெனியில் வேலை முடிந்து வந்து, பேச ஆளில்லாமல் படுத்துக்கொள்வேன். அந்த ஞாயிறு மூன்று மணி நேரத்துக்காகத்தான் படங்களை இறக்கினேன் என்று இப்போது எழுதும்போது புரிகிறது.

அதைத் திருட்டு என்று நினைத்ததே இல்லை. லோடு இறக்கிப் பிழைத்த அப்பா, ஒரே ஒரு ஸ்டேஷன் போவதற்கும் ரயில் டிக்கெட் எடுப்பார். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். புது ஷூவுக்கும் பிரியாணிக்கும் யோசிக்காமல் செலவு செய்வேன். சினிமா டிக்கெட் மட்டும் வீண் செலவாகத் தோன்றும்.

எதிர் அறையில் ஓர் அண்ணன் இருந்தார். சினிமாவுக்கு கம்ப்யூட்டர் வேலை செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தார். “சண்டையில ஹீரோவைக் கயிறு கட்டித் தூக்குவாங்கல்ல தம்பி, அந்தக் கயிற பிரேம் பிரேமா அழிக்கிறதுதான் என் வேலை. ஒழுங்கா செஞ்சா, நான்னு ஒருத்தன் இருந்ததே தெரியாது” என்பார். ஞாயிறு அல்லாத நாட்களிலும் என் கதவருகே நின்று “சாப்டியா?” என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அவர் எட்டு மாதம் உழைத்த படம் வெளியானது. முதல் தடவையாகப் படத்தின் கடைசியில் அவர் பெயரையும் போட்டிருப்பதாகக் கம்பெனியில் சொன்னார்களாம். அடுத்த வாரம் லீவு போட்டுத் தியேட்டரில் பார்க்கப்போவதாக மாடி முழுக்கச் சொல்லியிருந்தார். நான்தான் விடவில்லை. “எதுக்குண்ணா வீணா செலவு? உங்க படத்தையே நம்ம ரூம்ல போடுறேன், சூப்பர் பிரிண்ட்” என்றேன். பரிசு கொடுக்கிற பெருமை எனக்கு. அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி தம்பி” என்றார்.

ஞாயிறு ஏழு பேர் நெருக்கி உட்கார்ந்தோம். மாடியில் ஒரே உள்ளூர்க்காரன், கொரட்டூர் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்து தங்கியிருந்தவன், கட்டிலில் கால் நீட்டிக்கொண்டான்.

“இன்னா மாமே, தியேட்டர்ல திருட்டுத்தனமா எடுத்ததா? முன்சீட்டுக்காரன் தலை தெரியாதே?”

“தெரியாதுடா, பாரு.”

படம் முடிந்தது. வழக்கமாக அந்த நொடியில் எல்லோரும் எழுந்துவிடுவோம். அன்று யாரும் எழவில்லை. அண்ணன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். திரை கறுப்பானது. பெயர்கள் வரவில்லை. ஏதோ சூதாட்ட விளம்பரம் வந்தது. அதோடு கோப்பு முடிந்தது. கடைசியில் வரும் பெயர்களை வெட்டிவிட்டுத்தான் நெட்டில் ஏற்றுகிறார்கள் என்பது, அத்தனை படம் இறக்கிய எனக்கு அன்றுவரை தெரியாது.

“இன்னாண்ணா, பேரே காணோம்? கயிற அழிச்சியா, உன் பேர அழிச்சியா? நல்லா ரீலு வுட்ட போ!” என்றான் கொரட்டூர்க்காரன்.

எல்லோரும் சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு “சாப்டியா?” இல்லை. எதிர்ப்பட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். மாடியில் அவரைக் ‘கயிறு’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். லீவு கேட்ட நாளில் அவர் வேலைக்குத்தான் போனார்.

அடுத்த சனிக்கிழமை ஆவடியில் ஒரு தியேட்டருக்குப் போனேன். காலைக் காட்சி மட்டும்தான் மிச்சம் இருந்தது. டிக்கெட் எடுத்து, தனியாக, பார்த்த படத்தையே மறுபடி பார்த்தேன். சின்ன வயதில் டிவியில் படம் தொடங்கும்போது, “என்னடா போட்டிருக்கான்?” என்று அம்மா கேட்பாள். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். படத்தின் பெயரைச் சத்தமாகப் படித்துச் சொல்வேன். கடைசியில் வரும் பெயர்களை அவளும் கேட்டதில்லை, நானும் படித்ததில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே விளக்கு போட்டுவிட்டார்கள். பெருக்குகிற அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார். “எந்திரிப்பா, அதான் முடிஞ்சிச்சே.”

“ஒரு பேரு வரணும்க்கா.”

அந்தப் பெயர் வந்தது. போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினேன். கதவருகே நின்ற காக்கிச் சட்டை வாட்ச்மேன் கத்தினார்: “தம்பி! போன உள்ள வெய்யி. நீ எடுத்து நெட்ல வுட்டுட்டா நாங்க இன்னாத்த துன்றது?”

எனக்கு நியாயமாகப் பட்டது. போனை இறக்கிவிட்டு, சத்தமாகப் படித்தேன். அந்த அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

திரும்பியபோது அண்ணன் வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கொரட்டூர்க்காரன் அறைக் கதவு திறந்திருந்தது. அவனுக்கும் கேட்கட்டும் என்று, “அண்ணே, தியேட்டர்ல உங்க பேர பார்த்தேன்” என்றேன்.

அவர் கையில் சட்டை அப்படியே நின்றது. “ஸ்கிரீன்ல எந்தப் பக்கம்?”

“இடது பக்கம். மூணாவது வரிசை.”

“எவ்ளோ நேரம் இருந்துச்சு?”

“நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் இருந்துச்சுண்ணே.”

சட்டையை உதறிக் கொடியில் போட்டார். கிளிப் மாட்டினார். “சரி தம்பி” என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு மதியம் கொரட்டூர்க்காரன் வந்து படம் கேட்டான். இனி இறக்க மாட்டேன் என்றேன். “போடா நைனா” என்று போனான். கொஞ்ச நேரத்தில் அவன் அறையிலிருந்தே படச் சத்தம் கேட்டது. எல்லோரும் அங்கே இருந்தார்கள். என் அறையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். எதிரே அண்ணன் அறைக் கதவும் சாத்தியே இருந்தது.