லாடி போட்ட கூடுதல் தீவனம்

என் தம்பி லாடி வாவ்ராவுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் யார் நின்றாலும் தீனி போட்டே ஆகவேண்டும். சர்ச் விருந்தில் அவன் பரிமாற நின்றால் முதல் பாதிப் பேருக்கே வறுத்த வாத்து தீர்ந்துவிடும். அவன் வீட்டு நாய் நடக்க முடியாமல் நடக்கும். இப்படிப்பட்டவன் கையில் அளந்து போடுகிற வேலையைக் கொடுத்தால் உருப்படுமா?

குத்தகைக்கு எடுத்த மேய்ச்சல் நிலம் இருந்தவரை தொல்லை இல்லை. மே மாதம் பசுக்களை ஓட்டிவிட்டால் பனி விழும்வரை அவை பாட்டுக்கு மேயும், கன்றுகளும் கூடவே வளரும். கன்றுகளை விற்பான், தாய்ப்பசுக்களை வைத்துக்கொள்வான். அதுதான் பிழைப்பு. நிலத்துக்காரக் கிழவி செத்ததும், ஓமஹா நகரத்தில் இருக்கிற அவள் பிள்ளைகள் மக்காச்சோளம் போடுகிற ஒருவனுக்கு இரட்டைக் குத்தகைக்கு விட்டார்கள். எங்கள் அப்பா காலத்தில்கூட ஏர் படாத புல்வெளி அது. ஒரே வாரத்தில் உழுது தள்ளினான். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மாடுகளை விற்க லாடிக்கு மனசு வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் பட்டி அடைத்து நிறுத்தினான். சோளத்தட்டையும், மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கிற ஆலை மிச்சம் தள்ளும் ஈரச் சக்கையும்தான் தீவனம். அவன் மனைவி டெலோரிஸ் கணக்குப் போட்டாள். புல்லைவிடச் செலவு அதிகம், ஆனால் எடை பார்த்துப் போட்டால் தாக்குப்பிடிக்கலாம். அளவு தப்பினால் மாடுகள் மொத்தமும் சந்தைக்குத்தான்.

சக்கையில் சத்து அதிகம், கொஞ்சம் போட்டாலே போதும். ஆனால் நாள் முழுக்க மேய்ந்து பழகிய மாட்டுக்கு அது எங்கே காணும்? சட்டென்று தின்று முடித்துவிட்டு வேலியோரம் நின்று கத்தும்.

"அது பசி இல்ல லாடி. வயிறு ரொம்பல, அவ்வளவுதான்" என்றாள் டெலோரிஸ்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அதுங்ககிட்ட போய்க் கேளு."

"பழகிரும்."

"எனக்குப் பழகாது."

பழகவும் இல்லை. அவள் வேலைக்குப் போனதும் இன்னொரு நடை தீவனம் போட ஆரம்பித்தான், திருட்டுத்தனமாக. நான் ஒருநாள் போய்ப் பார்த்தால் மாடுகள் பீப்பாய் கணக்காக நிற்கின்றன.

"என்னடா இது?"

"குளிர்காலம் வருதுல்லக்கா."

"ஆகஸ்ட் வெயில்லயா?"

வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டான். இலையுதிர்காலத்தில் டெலோரிஸ் தீவனக் குவியலைப் போய்ப் பார்த்தாள். பனிக்காலத்துக்கென்று வைத்திருந்ததில் பாதியைக் காணோம். மறுபடி வாங்க வழியில்லை. அவள் கத்தவில்லை.

"சந்தைக்குப் போன் பண்ணிட்டேன்" என்றாள், அவ்வளவுதான்.

புல் வைத்திருக்கிற யாராவது வாங்கி மேய விடுவார்கள் என்று லாடி நம்பிக்கொண்டிருந்தான். எவனிடம் இருக்கிறது புல்? எல்லாவனும் உழுதுவிட்டான். சந்தையில் இறைச்சி ஆலைக்கு வாங்குகிறவர்கள்தான் விலை கேட்டார்கள், எடைக் கணக்கில். ஏலம் விடுகிறவன் மைக்கில், "தீனி போட்டா இப்படிப் போடணும்யா" என்றான். நல்ல விலை. தெரிந்தவர்கள் லாடியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு அவர்களையும் அறையவேண்டும் போலிருந்தது, இவனையும் அறையவேண்டும் போலிருந்தது.

மாடுகளை ஏற்றி லாரியின் கதவைச் சாத்தினார்கள். அப்புறம் லாடி சொன்னான்:

"அளந்து போட்டிருந்தா, இந்நேரம் நம்ம பட்டியில நின்னு கத்திக்கிட்டிருக்கும்க்கா."

"ஆமாடா. கத்திக்கிட்டிருக்கும்."