ஐந்து விநாடிக்குள் பதில்

கல்யாணமான இரண்டாம் வருஷம், என் கணவர் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டருக்கு என் ஆபீஸ் வாடிக்கையாளர் ஆனது. இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது நான்தான். அதில் எனக்கு அப்போது இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

நான் வேலை பார்த்தது ஒரு மருந்து மொத்த வியாபார ஆபீஸில். மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள் இருந்தது. காலையில் மெடிக்கல் ஷாப்காரர்கள் போன் செய்வார்கள். கேட்ட மருந்து இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லி, பில் போட்டு, பெட்டி கட்டி அனுப்ப வேண்டும். சொந்தமாகப் பெரிய கம்ப்யூட்டர் வாங்குகிற அளவுக்கு எங்கள் ஆபீஸ் வளர்ந்திருக்கவில்லை. தொண்ணூறுகளின் ஆரம்பம் அது.

என் கணவருடைய சென்டர் நந்தனத்தில். ஏ.சி. ரூமில் ஒரே ஒரு பெரிய மெஷின். அதைப் பல ஆபீஸ்களுக்குப் பங்கு போட்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள். எங்கள் மேசையில் இருந்ததெல்லாம் திரையும் கீபோர்டும் மட்டும்தான். நாங்கள் மயிலாப்பூரில் தட்டுவது டெலிபோன் கம்பி வழியாக நந்தனம் போகும். கணக்கு அங்கே நடக்கும். விடை இங்கே திரையில் வந்து நிற்கும். இப்போது கிளவுட் என்று சொல்லி விற்பது ஏறக்குறைய இதைத்தான். அன்றைக்கு நாங்கள் அதை ‘லைன் கம்ப்யூட்டர்’ என்றோம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மேனேஜர் ஒப்பந்தத்தை எங்கள் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். அவர் மாட வீதிக்காரர், எதையும் உரக்கப் படித்தால்தான் அவருக்குத் திருப்தி. ஆபீஸ் நேரத்தில் எதைத் தட்டினாலும் ஐந்து விநாடிக்குள் பதில் வரும். வராவிட்டால் எழுத்தில் புகார் கொடுக்கலாம், அன்றைக்கே சென்டரிலிருந்து ஆள் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். மெஷினில் எங்களுக்கு எவ்வளவு பங்கு என்பதும் அதில் இருந்தது. அந்தப் பகுதி எங்கள் யாருக்கும் புரியவில்லை. “ஐந்து விநாடி,” என்று மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானே வாக்குக் கொடுத்தது மாதிரி சிரித்தேன்.

சில மாதம் நன்றாகத்தான் போயிற்று. கோடை வந்தபோது திரைகள் உறைய ஆரம்பித்தன. தினமும் பதினொரு மணிவாக்கில், போன்கள் விடாமல் அடிக்கிற நேரத்தில், மருந்தின் பெயரைத் தட்டினால் திரை அப்படியே நிற்கும். பில் போடுகிற பெண் ரிசீவரைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, “ஒரு நிமிஷம் சார், ஒரு நிமிஷம் சார்” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். வாசலில் ஆட்டோ காத்திருக்கும். பெட்டி கட்டுகிறவர் உள்ளே எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, வண்டி நின்னுகினு கீது, பில்லு வரலியா?” என்பார்.

அவர் கேட்டது பில் போடுகிற பெண்ணிடம்தான். ஆனால் அவள் என்னைப் பார்ப்பாள். அவள் பார்த்ததும் எல்லாரும் பார்ப்பார்கள்.

மேனேஜர் மட்டும் இதை வாயால் கேட்டார். “என்னம்மா, உங்காத்துக்காரர் மெஷின் இன்னிக்கும் தூங்கிண்டிருக்கா? ஆத்துல கொஞ்சம் சொல்லி வைக்கப்படாதோ?” கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். வாரங்கள் போகப் போக அதில் கிண்டல் குறைந்தது. பதினொரு மணி நெருங்கினாலே நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். சாப்பாட்டு வேளையில் மற்றப் பெண்களோடு உட்காராமல், வேலை இருப்பதாகச் சொல்லி மேசையிலேயே டப்பாவைத் திறந்துகொண்டேன்.

வீட்டில் அவரிடம் பாய்ந்தேன். நாங்கள் கே.கே. நகரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர்களுக்குக் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில்தான் சண்டை. எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். முடியாது என்றார். ஒவ்வொரு ஆபீஸுக்கும் இவ்வளவு என்று எழுதியிருக்கிறது. எங்களுக்குக் கூட்டினால் வேறு யாருக்கோ குறையும், அந்த இடத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் நின்று போகலாம் என்றார். எனக்கு ஆஸ்பத்திரியைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. மறுநாள் பதினொரு மணியைத்தான் யோசித்தேன்.

அந்த வாரமே ஒரு நாள் அடையாறிலிருந்து ஒரு மெடிக்கல் ஷாப்காரர் இன்சுலின் கேட்டு போன் செய்தார். திரை நின்றிருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்க ஆள் போய் வருவதற்குள் அவர் போனை வைத்துவிட்டு வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். பழைய வாடிக்கை. மேனேஜர் உடனே புகார் எழுதி, நந்தனத்துக்குக் கையோடு கொடுத்தனுப்பினார்.

சென்டரில் என் கணவரைத் தவிர நாலைந்து என்ஜினியர்கள் இருந்தார்கள். வேறு யாரையாவது அனுப்புவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு வாசலில் மொபெட் சத்தம் கேட்டபோதே தெரிந்துவிட்டது. அவர்தான் வந்தார். அண்ணா சாலை வெயில் முழுவதையும் சட்டையில் சுமந்துகொண்டு வந்தது போல முதுகு நனைந்திருந்தது. காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை. அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இந்த ஆளை எனக்குத் தெரியாமல் இருந்திருக்கக்கூடாதா என்றுதான் தோன்றியது.

மேனேஜர் அவரை உட்காரச் சொல்லவில்லை. ஹாலின் நடுவில் நிற்க வைத்து, ஒப்பந்தத்தை எடுத்து ஐந்து விநாடி என்ற வரியை மறுபடியும் உரக்கப் படித்தார். இதற்குப் பெயர் என்ன என்று கேட்டார். பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றுவது என்று அவரே பதிலும் சொன்னார். சொந்த மனுஷாள் என்று நம்பிக் கொடுத்ததற்கு இதுதான் பலன் என்றார். என் கணவர் மெஷினில் லோடு கூடியிருக்கிறது, ஒன்றிரண்டு நாளில் சரி செய்துவிடுகிறோம் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். யாரால் லோடு, எதனால் லோடு என்று மேனேஜர் குடைந்தார். “பார்த்துச் சரி பண்றோம் சார்” என்பதற்கு மேல் அவர் போகவில்லை. ஒன்றும் தெரியாதவர் சமாளிப்பது மாதிரி இருந்தது. எனக்கே அப்படித்தான் பட்டது.

நான் தலை நிமிரவில்லை. ஏற்கனவே சரிபார்த்த பில் கட்டை மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி கட்டுகிறவர்தான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். “குடி சார், வெயில்ல வந்துகீற.” என் கணவர் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோது என் பக்கம் ஒரு தரம் பார்த்தார் என்று பக்கத்து மேசைப் பெண் பிறகு சொன்னாள். நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அவருக்காகக் கோபப்படுவதா அவர் மேல் கோபப்படுவதா என்று தெரியவில்லை. அவர் எனக்கு முன்பே வந்து சாதம் வைத்திருந்தார். தட்டு வைத்த பிறகு, காலையில் நான் ஏதாவது பெரிய ரிப்போர்ட் போடுகிறேனா என்று சாதாரணமாகக் கேட்டார்.

போடுகிறேன் என்றேன். காலாவதி தேதி நெருங்குகிற மருந்துகளின் பட்டியல். தினமும் மத்தியானத்துக்குள் மேனேஜர் மேசையில் இருக்க வேண்டும். பத்தே முக்காலுக்குப் போட்டுவிடுவேன்.

“அது ஸ்டாக் மொத்தத்தையும் முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிக்குது,” என்றார். “ஆரம்பத்துல ஸ்டாக் கம்மி, தெரியலை. இப்ப உங்க ஆபீஸுக்கு இருக்கற பங்கு முழுசையும் அது ஒண்ணே எடுத்துக்குது. பில் போடற திரைக்கு மிச்சமே இல்லை.”

கையில் எடுத்த சாதத்தைத் தட்டில் வைத்துவிட்டேன். அங்கே வரும்போதே இது தெரியுமா என்று கேட்டேன். புகார் வந்ததும் மெஷினில் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன் என்றார்.

“அப்ப அங்கேயே சொல்லியிருக்கலாமே.”

“அந்தப் பட்டியல் உன் பேர்ல ஓடுது. சொன்னா எல்லாரும் உன் பக்கம் திரும்பியிருப்பாங்க.”

அவர் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார். பட்டியலைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போட்டால் போதும், யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம், தானாகச் சரியாகிவிட்டதாக இருக்கட்டும் என்றார். அவர் ஹாலின் நடுவில் நனைந்த சட்டையோடு நின்றது மட்டும்தான் எனக்குக் கண்ணுக்குள் இருந்தது. எழுந்து போய்க் கை கழுவினேன்.

மறுநாள் மேனேஜர் வந்து உட்கார்ந்ததும் அவர் மேசை முன்னால் போய் நின்றேன். தனியாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் என் கணவரைத் திட்டியது எல்லாருக்கும் கேட்டிருந்தது. அதனால் நானும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். திரை நின்றதற்குக் காரணம் நான் போடுகிற பட்டியல், சென்டர்காரர்கள் ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய பங்கைக் குறைக்கவே இல்லை, நேற்று வந்தவருக்கு அது தெரிந்தும் என்னை உத்தேசித்துச் சொல்லவில்லை. ‘என் வீட்டுக்காரர்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நேற்று வந்தவர்’ என்றுதான் வாயில் வந்தது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பட்டியலைக் காலையில் கேட்டது தான்தான் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். “சரி, இனிமே சாயங்காலமா போடு” என்று மட்டும் சொன்னார். நந்தனத்துக்கு ஒரு போன் செய்து சொல்லிவிட முடியுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். செய்யவில்லை.

அன்றிலிருந்து திரை நிற்கவில்லை. தட்டியதும் பதில் வந்தது. பதினொரு மணிக்கு யாரும் என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் எனக்கு அந்த நேரம் வந்தால் தலை தானாகக் குனிந்துவிடும். பெட்டி கட்டுகிறவர் எப்போதாவது, “சார் நல்லா கீறாரா?” என்று விசாரிப்பார். நல்லா இருக்கார் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஒப்பந்தம் முடிந்ததும் எங்கள் ஆபீஸ் சொந்தமாகச் சின்னக் கம்ப்யூட்டர்கள் வாங்கியது. அதற்கு ஒரு பூஜை போட்டார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார் மேனேஜர். இவர் வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். மேனேஜர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அன்னிக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் என்று என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“புகார் வந்தா வந்து கேட்டுக்கறதுதானே சார் என் வேலை,” என்றார் என் கணவர்.

பிறகு புது மெஷின்களைப் பற்றி இருவரும் சந்தோஷமாகப் பேச ஆரம்பித்தார்கள். நான் சர்க்கரைப் பொங்கல் தொன்னைகளை ஒவ்வொரு மேசையாகக் கொண்டுபோய் வைத்தேன். அவர்கள் நின்ற மேசைக்குக் கடைசியில்தான் போனேன்.