சிவப்பாகப் போன சிறுநீர்

மலேசியாவில், ஈப்போவில் லாரி ஓட்டும் என் கணவர், உடம்பு முறுக்கேற ஜிம் நண்பர் தந்த வளர்ச்சி ஹார்மோன் ஊசியை எனக்குத் தெரியாமல் போட்டு வந்திருக்கிறார். ஒரு காலை அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது.

"டிராகன் பழம் சாப்பிட்டேன்லா, அதான்" என்றார். வலியும் இல்லை. பழம் சாப்பிடாத நாளிலும் அப்படியே போனதும் பயந்து, மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன். அங்கேதான் ஊசி விஷயத்தைச் சொன்னார்.

"ரத்தம் வர்றது ஊசியாலதான்னு சொல்ல முடியாது அண்ணே. ஆனா உள்ள கட்டி இருந்தா, அந்த ஹார்மோன் அத வளர்த்து விடலாம். உடனே நிறுத்துங்க" என்றார் டாக்டரம்மா.

கேமரா விட்டுப் பார்த்ததில் சிறுநீர்ப்பையில் சிறிய கட்டி. புற்றுநோய்தான், ஆரம்ப நிலை. எடுத்துவிட்டார்கள். திரும்ப வரலாம் என்பதால் சோதனைக்குத் தவறாமல் போகிறோம்.

இப்போதெல்லாம் தினமும் காலையில் கழிவறை வாசலில் நின்று, "என்ன கலர்?" என்று கேட்கிறேன். அவர் பதில் சொல்லும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.