நாற்பது சீட்டும் ஒரு பூஜ்யமும்

ஒரு விடுகதை. வீட்டுக்குப் பெயர் ஒன்று, அறைகள் பல. அறை எண்ணைச் சொன்னால் கதவு உடனே திறக்கும். ஆனால் நடுவில் ஒருவர் புதிதாக நுழைந்தால், அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் மூட்டை கட்டி அடுத்த அறைக்கு நகர வேண்டும். அது என்ன?

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துத் தொண்டை வற்றியவர்களுக்கு விடை தெரிந்திருக்கும்: அரே (array), ஒரே பெயரில் வரிசை எண் போட்ட பெட்டிகள். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழி சொல்லிக்கொடுத்தேன். அரையாண்டு லீவில் அவர்களைக் கம்பெனி பஸ்ஸில் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப்போக ஏற்பாடு. இருப்பது நாற்பது சீட், ஆளுக்கு ஒன்று; நின்றுகொண்டு வர அனுமதி இல்லை. சீட் போடும் புரோகிராமை ஏழாம் வகுப்பு அமுதாவிடம் ஒப்படைத்தேன். அதற்குக் கூலியாக அவள் கேட்டது ஒன்றாம் நம்பர் சீட், ஜன்னல் ஓரம். வீட்டிலும் தெருவிலும் சொல்லி வைத்துவிட்டாள்.

எழுத்துப் பஞ்சம்

முதலில் அவளுக்கு அரே தெரியாது. ஒரு பிள்ளைக்கு ஏ, அடுத்த பிள்ளைக்கு பி என்று தனித்தனிப் பெட்டி வைத்து எழுதிக்கொண்டே போனாள். இசட் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுத்து தீந்துபோச்சு சார். மீதிப் பேரெல்லாம் நடந்து வர்றதா?"

தேடாமல் கிடைப்பது

அரே போட்டதும் ஒரே பெயரில் நாற்பது இடம் கிடைத்தது. பஸ் டிரைவர் கோவிந்தன் சோதனை செய்ய வந்தார். "பதினேழு" என்றார். அமுதா எண்ணை அடித்த மறுகணம் பெயர் வந்தது. முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை என்று விளக்கினேன். அவர் அவளைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னாமா இது, குந்துன எடத்துலயே கூப்ட்டு குடுக்குது! எங்க செக்கரு பஸ்ஸு பூரா நடந்துகினு கீறாரு."

பஸ் முழுக்க ஒரே ஆள்

முப்பத்தொன்பது பேர் ஆனபின் செந்தில் வந்தான். அவன் அண்ணனுக்கு ஐந்தாம் சீட். அண்ணனுக்குப் பக்கத்தில் ஆறாவது தனக்கு வேண்டும் என்றான். ஆறிலிருந்து எல்லாரையும் ஒரு சீட் தள்ள வேண்டும். கடைசி ஆளை முதலில் நகர்த்த வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். அமுதா முன்னாலிருந்து நகர்த்தினாள். ஆறாவதில் இருந்த குமார் ஏழுக்குப் போனான்; ஏழில் இருந்த பெயர் அழிந்தது. ஏழிலிருந்து அதே குமார் எட்டுக்குப் போனான். திரையின் அடிவரை குமார். மறுபடி பெயர்களை அடித்து, பின்னாலிருந்து தள்ளி முடிக்க மதியமாகிவிட்டது. அதுவரை குமார் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"சார், நான் மட்டும் போறதுக்கு எதுக்கு சார் இம்மாம் பெரிய பஸ்ஸு?"

நாற்பத்தொன்றாவது ஆள்

கிளம்பும் நாள் காலை ஒரகடத்திலிருந்து ரோஸி வந்து நின்றாள். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். பெயர் கொடுக்க மறந்துவிட்டார். அமுதா நாற்பத்தொன்றில் அடித்தாள். எல்லை தாண்டிவிட்டதாகத் திரை பிழை காட்டியது. அளவைக் கூட்டட்டுமா என்று கேட்டாள். "அரேயைக் கூட்டலாம், பஸ்ஸைக் கூட்ட முடியாதே" என்றேன். ரோஸி டிபன் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தாள்.

அமுதா திரையில் ஒன்றாம் நம்பருக்கு மேலே விரலை வைத்தாள். பிறகு, "பேசிக் பூஜ்யத்துலேருந்துதானே எண்ணும்? அந்த எடம் சும்மாதானே சார் இருக்கு?" என்றாள். புரோகிராமில் இருக்கிறது, பஸ்ஸில் ஏது என்று கோவிந்தனைப் பார்த்தேன்.

"எம் பக்கத்துல எஞ்சின் மூடி கீதே சார். நம்பர் கெடையாது. சூடா இருக்கும், ஒரு கோணி மடிச்சுப் போட்டா ஒரு புள்ள குந்தலாம்."

அரேயின் நன்மை தீமைகளைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதி வைத்திருந்தேன். பூஜ்யத்தை இரண்டிலும் எழுதவில்லை. அமுதா ஒன்றில் இருந்த தன் பெயரை அழித்து அங்கே ரோஸி என்று அடித்தாள். பூஜ்யத்தில் அமுதா என்று அடித்தாள்.